ஓய்வு பெறும் நாளில் உடன் வருவோர்

அவையை அணிசெய்யும் தலைவர் ஜனாப் ஹபீபுர் ரஹ்மான் அவர்களே! நான்காண்டு உழைத்து, முப்பது அலுவலகங்களில் ஏறி இறங்கி, தலைமையைப் பற்றியும் பணியிட நடத்தையைப் பற்றியும் தாம் கண்டவற்றை இன்று நூலாகத் தந்திருக்கும் முனைவர் பியாட்ரிஸ் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! மயிலை மாட வீதிகளிலிருந்து மழைத்தூறலையும் மதியாமல் வந்திருக்கும் தாய்மார்களே! தியாகராய நகர் அலுவலகத்தில் என்னோடு பணியாற்றி, இன்று கடைசி வரிசையாகப் பார்த்து அமர்ந்திருக்கும் நண்பர்களே! இந்தக் கோதண்டபாணியின் கூப்பிய கரங்கள் உங்கள் அனைவருக்கும்.

"சிறந்த நிர்வாகி" என்று என்னை அறிமுகம் செய்தார்கள். கைதட்டினீர்கள். சற்றுப் பொறுங்கள், நான் பேசி முடித்த பின்பும் மனம் வந்தால் தட்டுங்கள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. நான் அந்த அலுவலகத்தின் மேலாளர். அம்மையார் வினாத்தாள் கட்டோடு என் அறைக்கு வந்தார். "எங்கள் அலுவலகத்தில் பிழை என்பதே கிடையாது, அம்மா" என்றேன். "அப்போ என் வேலை சீக்கிரம் முடிஞ்சிடும் சார்" என்றார். பாராட்டு என்று எண்ணிக்கொண்டேன். சிரிக்கிறீர்கள்! எனக்குச் சிரிப்பு வர நான்கு ஆண்டுகள் ஆயின.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "வேலையில் தவறு செய்துவிட்டால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?" நாற்பத்தொரு பேர் விடை எழுதினார்கள். முப்பத்தேழு பேர் எழுதிய பெயர், எழுத்தர் சண்முகசுந்தரம். என் பெயரை எழுதியவர் எத்தனை பேர்? பத்தா? ஐந்தா? ஒருவரா? ஒருவருமில்லை, பெரியோர்களே, ஒருவருமில்லை! பிழையே இல்லாத அலுவலகமன்று அது. பிழையை என்னிடம் சொல்ல அஞ்சிய அலுவலகம்.

அந்தச் சண்முகசுந்தரம் எப்படிப்பட்டவர்? எந்த மேசையில் கோப்பு தடுமாறுகிறதோ அந்த மேசையருகே நிற்பார். புதிதாய்ச் சேர்ந்தவர் விழிக்கும் இடத்தில் விரல் வைத்துக் காட்டுவார். நான் மணியடிக்கும்போது அவர் நாற்காலி காலியாக இருக்கும். ஆகவே ஆண்டுதோறும் ரகசிய அறிக்கையில் அவரைப் பற்றி எழுதினேன்: "இருக்கையில் இருப்பதில்லை." இரண்டே சொற்கள். அந்த இரண்டு சொற்களால் அவர் இழந்தவை இரண்டு பதவி உயர்வுகள். விடியலில் பெருமாள் சந்நிதியில் அடியார் பெருமை பாடிய நாக்கு இது. பத்து மணிக்கு அப்படிப்பட்ட அடியார் ஒருவரை மணியடித்து விரட்டிய கையும் இதுதான்.

நம் ஊர் அலுவலக வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். ஓய்வு பெறுபவரை மாலையோடு வண்டியில் ஏற்றி, உடன் உழைத்தவர்கள் அவர் வீடுவரை சென்று, அந்த வீட்டுக் காபியைக் குடித்துவிட்டுத் திரும்புவார்கள். எனக்கும் மாலை விழுந்தது. புகழுரைகள் பொழிந்தன. காரில் ஏறினேன். ஓட்டுநர் ஷரீஃப் வண்டியைக் கிளப்பாமல் வாசலைப் பார்த்தார். "இன்னும் ஒரு நிமிஷம் நிக்கட்டுமா சார்?" என்றார். "வேண்டாம், போகலாம்" என்றேன்.

மந்தைவெளி வீட்டில் என் மனைவி கோமளம் நாற்பது பேருக்குக் கேசரி கிளறி வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். "மத்தவாள்லாம் பின்னாடி வராளா?" என்றாள். "அவாளுக்கெல்லாம் வேலை இருக்கு" என்றேன். அதன் பிறகு இன்றுவரை அவள் அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம், தாய்மார்களே. கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன்.

மூன்று ஆண்டுகளாக மாலைதோறும் திருக்குளத்தைச் சுற்றி வருகிறேன். பழைய ஊழியர்கள் எதிரே வருவார்கள். வணக்கம் வைப்பார்கள். நிற்க மாட்டார்கள். பதவியில் ஏறியவன் நான். எத்தனை உயரம் ஏறினேன்! அத்தனை உயரத்தில் எனக்கு யார் இருந்தார்கள்? பணிவாழ்வில் வென்றவன் யார் என்று அம்மையாரின் ஆய்வு கேட்கிறது. நாற்காலி பெரிதானவனா? நான்கு பேர் நம்பி நாடி வந்தவனா?

வரும் வெள்ளிக்கிழமை, இப்போது பணிபுரியும் அடையாறு கிளையிலிருந்து சண்முகசுந்தரம் ஓய்வு பெறுகிறார். அதோ, கடைசி வரிசையில் இருக்கிறார். ஐயா, உங்கள் உயர்வைத் தடுத்த கை இந்தக் கை. இன்றுவரை நீங்கள் அறியாத அதை இந்த அவையில் அறிவிக்கிறேன். மன்னியுங்கள் என்று கேட்கவும் நாணுகிறேன். கேட்பது ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை உங்களை வழியனுப்பும் வேனில் எனக்கு ஓர் இடம் தருவீர்களா?

எழுந்திருக்கிறார். அமைதி காக்க வேண்டுகிறேன். சற்று உரக்கச் சொல்லுங்கள், ஐயா.

"அந்த ரிப்போர்ட் எனக்கு அன்னிக்கே தெரியும் சார். டைப் அடிச்ச பொண்ணு என்னாண்டதான் வந்து அழுதுச்சு" என்கிறார்.

அன்றே தெரியுமா? தெரிந்துமா அத்தனை ஆண்டுகள் எனக்குக் காலை வணக்கம் சொன்னீர்கள்?

இன்னும் ஏதோ சொல்கிறார். "வேன்ல எடமில்ல சார். ரெண்டு வேன் சொல்லியும் பத்தல. நீங்க நேரா வூட்டுக்கு வந்துடுங்க" என்கிறார்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! முப்பது அலுவலகங்களின் ஆய்வு முடிவை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். வருகிறேன், ஐயா. பேருந்தேறி வருகிறேன். கே.கே. நகர் என்றுதான் தெரியும். எந்தத் தெரு, எந்த வீடு? இருபத்திரண்டு ஆண்டுகள் நான் கேட்டதே இல்லை. இங்கே முப்பது பேருக்காவது தெரிந்திருக்கும். கூட்டம் கலையும் முன் யாரேனும் எனக்கு வழி சொல்லுங்கள்.

செவிசாய்த்த உங்களுக்கு என் நன்றி. வணங்கி அமைகிறேன்.