லிப்ஸ்டிக் உசரத்துல ஒரு தேரு

இல்லண்ணே, மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல இந்த வெள்ளக்காரி யாருன்னு சொல்லுங்க.

இவதான், இந்தப் படத்துல. கழுத்துல கம்பளித் துண்டு, கையில நாயி. ஈப்போவுல! மத்தியானம் ரோட்டுல நின்னா மண்ட வெந்துபோவுது, இவ கம்பளி சுத்திக்கிட்டு நாயோட வாக்கிங் போறா. அதுவும் எங்க ஜாலான் செம்பாக்காவுல! நான் பொறந்ததுல இருந்து அந்த ரோட்டுலதாண்ணே இருக்கேன். இவளப் பாத்ததே இல்ல. இவன் யாரு, சைக்கிள் கூடையில நீட்டு ரொட்டி வச்சிக்கிட்டு? எங்களுக்கு ரொட்டி பாய் மோட்டார்ல வருவாரு, ஆரன் அடிச்சிக்கிட்டு. அவரக் காணோம். ஒரு தமிழாளு இல்ல, ஒரு சீனக் கெழவி இல்ல, ஸ்கூல் விட்டு வார மலாய்க்காரப் புள்ள ஒண்ணு இல்ல. ஆளுங்கள மாத்துனீங்க சரி, மலைய ஏண்ணே மாத்துனீங்க? பின்னால தெரியிறது நம்ம சுண்ணாம்பு மலையா அது? உச்சியில வெள்ளையா என்னமோ இருக்கு. பனியா? அலாமாக்!

கம்பியூட்டர்ல அப்பிடித்தான் வருதா? ஆங்... கம்பியூட்டரு. பாவம், அது நம்ம ஊருக்கு வந்ததே இல்ல போலருக்கு.

கோவிச்சுக்காதீங்க. உங்க பேரு... யுகேந்திரன். கழுத்துலயே மாட்டியிருக்கே. தமிழாளுன்னு பாத்ததும்தான் இங்க வந்து உக்காந்தேன். அந்த மாநகராட்சிக் கவுண்டர்ல ஆளே இல்ல, 'மிட்டிங்'னு அட்டைய வச்சிட்டுப் போயிருக்காங்க. இந்த ரோட்டுத் திட்டத்துக்குக் கருத்துச் சொல்ல இன்னிக்குக் கடைசி நாளு, கருத்துக் கேக்குற ஆளு மிட்டிங்ல! நல்லாருக்குலா. இந்தக் கறிபாப் ஃப்ரீதானே? எடுத்துக்கிறேன். காலையில ட்ரெயின் பிடிச்சு ஓடி வந்தேன், இன்னும் சாப்பிடல.

நான் தினேஸ்வரி. தஞ்சோங் மாலிம்ல படிக்கிறேன், வரலாறு, ரெண்டாவது வருஷம். இன்னிக்குக் கிளாஸுக்குப் பொந்தேங், மட்டம் போட்டாச்சு. லெக்சரருக்குத் தெரிஞ்சா அவரு கத்துவாரு, கத்தட்டும். இங்கதான் இப்ப வரலாறு நடக்குது.

இந்தப் புஸ்தகத்தப் படிச்சீங்களாண்ணே? அட, நீங்க பக்கத்துலயே வச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. 'சாலை மேம்பாட்டுக்கான வடிவமைப்பு வழிகாட்டி'. நான் முழுசாப் படிச்சேன். எழுதுனவங்களே படிச்சிருக்க மாட்டாங்க, நான் படிச்சேன். கடை போர்டு எல்லாம் ஒரே அளவா இருக்கணுமாம், ஒரே எழுத்தா இருக்கணுமாம். செவுரெல்லாம் மண்ணு நெறமாம். புனிதாக்கா பூக்கடை ஊதா. ஊதா மண்ணு கெடையாதாம், அதனால மாத்தணுமாம்! பெஞ்சு போடுவாங்களாம், நடுவுல ஒரு இரும்பு. எதுக்குன்னு கேட்டா, யாரும் படுத்துறக் கூடாதாம். அந்த ரோட்டுல படுக்குறது ஒரே ஒரு ஆளு, மூணாவது கடை தவுக்கே, சீன மொதலாளி, அவரும் சொந்தக் கடையிலதான் படுப்பாரு. அப்புறம் மரம். இது என்ன மரம்ணே? பனையா? இதுக்குக் கீழ நின்னா அதோட நெழலு நம்ம மேல விழாது, நம்ம நெழலுதான் அது மேல விழும்.

சிரிங்க சிரிங்க. சிரிச்சா வேலை போயிராது.

சரி, பெஞ்சு போவட்டும். ஊதா கூடப் போவட்டும், புனிதாக்காவே அவங்களுக்கு நல்லா குடுத்துக்குவாங்க, அவங்க வாயி உங்களுக்குத் தெரியாது. நான் வந்தது வேற விசியத்துக்கு. அந்தப் பக்கத்தத் திருப்புங்க. இன்னும். இன்னும்... ஆங், இதான்.

'பாரம்பரிய நுழைவு வளைவு'.

ரோட்டுக்குக் குறுக்கால ஒரு வளைவு. ரப்பர் எல மாதிரி டிசைனு. நடுத்திட்டுல ஒரு செலை, பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்குற ஆளு, கையில வாளி, தலையில துண்டு. எதுக்காம்? 'இவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களின் உழைப்பைப் போற்றும் வகையில்.' போற்றுறாங்களாம்! மூஞ்சியப் பாருங்கண்ணே. அந்த நாயிக்காரியோட அண்ணன் மாதிரி இருக்கு.

அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் யாரு? நாங்கதாண்ணே. எட்டாங்கட்டைத் தோட்டம். ரப்பர அழிச்சு வீடு கட்டுனப்ப எங்க ஆளுங்கள ரோட்டுக்கு இந்தக் கோடியில இருக்கிற ஃப்ளாட்டுக்குத் தூக்கிப் போட்டாங்க. கோயிலயும் இந்தப் பக்கமே கொண்டாந்தாச்சு. எட்டாங்கட்டை மாரியம்மன். இப்ப எங்க பக்கத்துல எட்டாவது மைல் கட்டையும் இல்ல, தோட்டமும் இல்ல, ஆனா பேரு அதான். வருஷத்துக்கு ஒருக்கா, திருவிழா அன்னிக்கு, அம்மன் தேர்ல ஏறி அந்தக் கோடி வரைக்கும் போவும். எங்க போவும் தெரியுமா? பெரட்டுக்களத்துக்கு. காலையில வேலைக்கு எல்லாரையும் நிக்க வச்சு மண்டோரு பேரு கூப்புடுவாருல்ல, அந்த எடம். இப்ப அது ஷாப்பிங் மோலு காடி பார்க்கு, காரு நிறுத்துற எடம். அம்மன் போயி அங்க நிக்கும். அங்க காவலுக்கு நிக்கிற ஜாகா, ஒரு நேப்பாளி, கேட்டுக் கம்பியத் தூக்கிவிடுவாரு, அம்மன் கார்டு தட்டாம உள்ள போவும். ஆரத்தி காட்டுவோம், தேங்கா ஒடைப்போம், திரும்பி வந்துருவோம். அவ்ளோதான். பீடோர்ல இருக்கிறவன் வருவான், லூமுட்ல நேவியில இருக்கிறவன் லீவு போட்டு வருவான். அன்னிக்கு ஒரு நாளுதான் எங்களுக்கு ரோடு.

இப்ப அந்த வளைவு உசரத்தப் பாருங்க. பாத்தீங்களா? எங்க தேரு அதவிட உசரம்.

ஆ, அதேதான். எங்கள 'போற்றுற' வளைவுக்குக் கீழ நாங்க போவ முடியாது!

கரண்டு கம்பி வந்தா தூக்கிவிட மூங்கில் கழியோட ரெண்டு பேரு முன்னால போவாங்க. கம்பி வளைஞ்சு குடுக்கும். மரக்கொப்பு கூட வளைஞ்சு குடுக்கும். உங்க வளைவு குடுக்குமா?

எங்க பெரியப்பா, பத்துமலைன்னு பேரு, அவருதான் கோயில் தலைவரு. நல்ல சட்ட போட்டுக்கிட்டு வந்து உங்க போஸப் பாத்திருக்காரு. உங்க போஸு என்ன சொல்லியிருக்காரு தெரியுமா? கலசத்தக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுப் போங்க, அந்தாண்ட போயி மாட்டிக்கலாமேன்னு! ஏண்ணே, உங்க போஸு வீட்டுக்கு மருமவ வாரப்போ வாசப்படி சின்னதா இருந்தா, தலையக் கழட்டிக் கையில வச்சிக்கிட்டு உள்ள வாம்மான்னு சொல்லுவாரா?

அது முடியாதுன்னா பின்னால சந்து இருக்காம். எந்தச் சந்து? குப்ப லோரி போற சந்து. எங்க செலை முன்னால பளபளன்னு நிக்கும், நாங்க பின்னால குப்ப லோரியோட போவணும். எங்க பெரியப்பா அதுக்கும் தலைய ஆட்டிட்டு வந்துட்டாருண்ணே. வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டாம அப்பிடியே உக்காந்திருந்தாரு. அவரப் பாத்துத்தான் எனக்குப் பத்திக்கிச்சு.

சரி, ஆட்சேபனை எழுதிக் குடுப்போம்னு பாத்தா... என்னது? கியூஆரா? ஸ்கேன் பண்ணிட்டேண்ணே! நீங்க சொல்றதுக்கு முந்தியே! இந்தாங்க, பாருங்க. 'நீங்கள் யார்?' நிலச் சொந்தக்காரர், வாடகைக்கு இருப்பவர், வியாபாரி, மேம்பாட்டாளர். இந்த நாலுதான். அம்மன் இதுல யாரு? சொல்லுங்க. மேம்பாட்டாளரா? நெலத்தோட லோட் நம்பர் போடாட்டி அடுத்த பக்கம் போவ மாட்டேங்குது. கோயிலு இருக்கிறது ரிசர்வ் நெலம், லோட் நம்பரே கெடையாது. லூமுட் அண்ணன் ஒருத்தரு அவரு வீட்டு நம்பரப் போட்டுப் பாத்தாரு, 'உங்கள் வீடு இந்தச் சாலையில் இல்லை, நன்றி'ன்னு வந்துச்சு. நன்றியாம்!

எனக்கு என்ன வேணும்? ஒரே ஒரு காயிதம். 'இந்தக் கோயிலு சொல்லிச்சு, வளைவுக்குக் கீழ தேரு போவாது'ன்னு எழுதி ஒரு சாப், ஆப்பீஸ் முத்திர. இன்னிக்குச் சாயங்காலத்தோட முடிஞ்சிருச்சுன்னா நாளைக்கு இந்தப் புஸ்தகம் சட்டமாயிரும். அப்புறம் போலிஸ்ல தேருக்குப் பெர்மிட் கேட்டா, யாரும் ஒண்ணும் சொல்லலியே, அப்ப ஏன் கம்முனு இருந்தீங்கன்னு கேப்பான். கம்முனு இருந்தோமா? நான் கம்முனு இருக்கிற ஆளா?

ஏண்ணே உடனே இல்லன்னு தலைய ஆட்டுறீங்க!

உங்களால சாப் அடிக்க முடியாதா? சும்மா பாத்துக்க வச்ச ஆளா? தெரியும்லா. அதனாலதான் இன்னும் மரியாதையாப் பேசிக்கிட்டிருக்கேன்.

சரி, நீங்களாவது கண்ணால பாருங்க. இந்த மாடலு... நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. நீங்களா ஒட்டுனீங்க? கடையெல்லாம் அட்டையில, மரமெல்லாம் பஞ்சுல. இங்கயும் நிக்கிறாளே அந்த நாயிக்காரி! எங்க போனாலும் வாராளே இவ. சரி, இது கோயிலு. ஓ, கோயிலையே வைக்கலியா? காலி எடமா விட்டிருக்கீங்க. பரவால்ல. இது மோலு. நூத்துல ஒண்ணுன்னு எழுதியிருக்கு. நேத்து ராத்திரியே கணக்குப் போட்டுட்டேன். எங்க தேரு, கலசத்தோட சேத்து, சரியா என்னோட இந்த லிப்ஸ்டிக் உசரம்.

செவப்புதான். அம்மனுக்குப் பொருத்தம். தாயே, மன்னிச்சிக்க.

தொடலண்ணே! தொடல. ரோட்டு மேல வைக்கிறேன், அவ்ளோதான். ரோடு பொதுதானே? பாருங்க, கோயில்ல இருந்து கெளம்பிருச்சு. இதோ ஃப்ளாட்டு. எல்லாரும் மாடியில நின்னு கும்புடுறாங்க. இதோ புனிதாக்கா கடை, மால வாங்கிக்குது. தவுக்கே எந்திரிச்சு ஊதுபத்தி கொளுத்துறாரு. மெதுவா... மெதுவா... மேளம் அடிக்குதுன்னு வச்சிக்குங்க. இப்ப வளைவு வருது. அண்ணே, குனிஞ்சு பாருங்கண்ணே, கிட்ட வந்து பாருங்க, கலசம் எங்க இடிக்குதுன்னு...

ஐயோ.

ஒடைஞ்சிருச்சு.

இல்ல, நான் தள்ளல! அம்மன்தான் போச்சு. நீங்களே பாத்தீங்கல்ல, மெதுவாத்தான் போச்சு! ஐயோ, செலையும் சாஞ்சிருச்சே. வாளி எங்க போச்சு? என்ன கம்முண்ணே போட்டு ஒட்டுனீங்க, இந்த லட்சணத்துல இருக்கு? ஒரு லிப்ஸ்டிக்கத் தாங்கல!

அண்ணே? எங்க போறீங்க? அண்ணே! யுகேந்திரண்ணே! நான் சும்மா காட்டத்தான்...

போயிட்டாரு. ஜாகாவக் கூப்புடத்தான் போயிருப்பாரு. நல்லா வந்துச்சு எனக்கு. பெரியப்பா தலைய ஆட்டிட்டு வந்தாரு, நான் போயி மாடல ஒடைச்சிட்டு வந்தேன். கோயிலுக்கு நல்ல பேரு! சாப் கேட்டு வந்தவ போலிஸ் டேசன் போறா. ஒட்டிரலாமா? கறிபாப் மாவு ஒட்டுமா?

ஒட்டல.

வந்துட்டீங்களா! நான் ஓடிப்போவலண்ணே, இங்கயேதான் நிக்கிறேன். ஜாகா எங்க? வரலியா? இது என்ன காயிதம்?

'கண்காட்சிப் பொருள் சேத அறிக்கை.' யாரு எழுதணும்? சேதம் பண்ணவங்களா? சரி, எழுதுறேன். நான் பண்ணத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். பேனா குடுங்க. பேரு. ஐசி நம்பரு. யார் சார்பாக வந்தீர்... இருங்கண்ணே.

இருங்க, இருங்க. இதுல லோட் நம்பர் கேக்கல.

நெலம் இருக்கான்னு கேக்கல! யாரு வேணா எழுதலாமா? ஒரு காப்பி உங்க போஸுக்கு, ஒரு காப்பி மேலாப்பீஸுக்கு. கட்டாயம் பதில் குடுக்கணுமா? எழுத்துலயா? அண்ணே... இது இங்க இருக்குன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?

சரி, சொல்ல வேணாம். உங்க வேலைய நான் கெடுக்கல. நீங்க அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு உக்காருங்க, நான் எழுதுறேன். மலாய்லதான் எழுதுறேன், சத்தமாச் சொல்றது மட்டும் தமிழ்ல.

சார்பு: எட்டாங்கட்டை மாரியம்மன் கோயில்.

சேதமான பொருள்: பாரம்பரிய நுழைவு வளைவு, ஒண்ணு. கூட ஒரு செலை.

காயமடைந்தவர் உண்டா? உண்டு. வெள்ளக்காரி ஒருத்தி, வளைவு அவ தலையிலதான் விழுந்திருக்கு. நாயிக்கு ஒண்ணுமில்ல.

என்னண்ணே, இதுக்குப் போயி இப்பிடிச் சிரிக்கிறீங்க? பொறை ஏறிரப் போவுது, தண்ணி குடிங்க.

சேதத்துக்குக் காரணம்: கோயிலின் தேர் வழக்கமாகச் செல்லும் பாதையில் சென்றது. வளைவின் உயரம் போதவில்லை.

தடுக்கும் வழி: வளைவை உயர்த்தவும். தேரைக் குறைக்க இயலாது.

இன்னும் ஒண்ணு இருக்கு. 'இச்சம்பவம் மீண்டும் நிகழ வாய்ப்பு உண்டா?'

உண்டு. வருஷா வருஷம்.

இந்தாங்க. கையெழுத்துப் போட்டாச்சு, தேதியும் போட்டாச்சு. இதுக்காவது சாப் அடிக்கிற அதிகாரம் உங்களுக்கு இருக்கா? இருக்குல்ல? அப்ப அடிங்கண்ணே. இன்னும் அழுத்தி... ஆங். எனக்கு ஒரு காப்பி, பெரியப்பாவுக்கு ஒண்ணு.

அந்த லிப்ஸ்டிக்க எடுக்காதீங்க. அங்கயே நிக்கட்டும். இன்னும் பெரட்டுக்களம் போய்ச் சேரல.