பிரித்துப் போடும் தையல்

உங்கள் சட்டையின் இரண்டாவது பொத்தானை வேறு நிற நூலில் தைத்திருக்கிறார்கள், ஐயா. கோபித்துக்கொள்ளாதீர்கள். துணி என்றால் என் கண் முதலில் தையலுக்குத்தான் போகும். அந்தக் கண் மங்கிவிட்டதாம், மறதியில் குழந்தையின் போர்வைக்குள் ஊசியை விட்டுவிட்டேனாம். அப்படி எழுதி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். போட மாட்டேன். விசாரிக்கிற அதிகாரி நீங்கள் கொஞ்சம் விசாரித்துவிட்டு எழுதியிருக்கலாம்.

முதலில் அந்த ஊசியைப் பாருங்கள், குழந்தையின் தொடையிலிருந்து டாக்டர் எடுத்தது. என் கட்டைவிரலில் பாதிகூட இல்லை. பஞ்சுப் போர்வையில் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பொடித் தையல் போட இந்தக் குட்டை ஊசிதான் சரி. வளையாது, நினைத்த இடத்தில் இறங்கும். அதற்கு முன்னால் மூன்றும் நகராமலிருக்க எட்டி எட்டி ஓட்டுத் தையல் போடுவோம். அதற்கு விரல் நீள ஊசி வேண்டும். ஓட்டுத் தையல் தங்குவதற்கில்லை. வேலை முடிந்ததும் பிரித்துக் குப்பையில் போட்டுவிடுவோம்.

பதினெட்டு வருடம் எங்கள் வீட்டு முன்னறைத் தையல் கடையில் குட்டை ஊசி என் கையில்தான் இருந்தது. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு ஓரகத்தி வந்தபோது, விரலுறையை எந்த விரலில் மாட்டுவது என்றுகூட அவளுக்குத் தெரியாது. போன வருடம் ஒரு வாடிக்கைக்காரரின் போர்வையில் ஊசி கிடந்தது. அது அவள் விட்டது. அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் புகார் சொல்ல வந்தவர்கள் முன்னால் வாய் கூசாமல் சொன்னாள்.

"அக்காவுக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்லைங்க. மறதி வேற. இனிமே அவங்களை ஓட்டு மட்டும் ஓட்டச் சொல்றேன்."

என் புருஷன் பக்கத்தில்தான் தூண் மாதிரி நின்றார். அன்றைக்கே குட்டை ஊசிகள் அவள் பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. காலையெல்லாம் நான் ஓட்டுவேன். மாலையில் அவள் என் கண்ணெதிரிலேயே நூலை உருவிக் கூடையில் போடுவாள். ஒரு வருடமாக நான் தைத்ததில் ஒரு சாண்கூட உலகத்தில் மிச்சமில்லை, ஐயா.

அவள் பெண்ணுக்கு இப்போது எட்டு மாதம். பாப்பாவுக்கென்று சின்னதாக ஒரு போர்வை தைத்தாள். கரை மடிக்கிற வேலை மட்டும் பாக்கி இருந்தது.

"அதை நீங்களே மடிச்சு ஓட்டிடுங்கக்கா. வீட்டுக்குள்ள கிடக்கப் போறதுதானே, யாரு பாக்கப் போறா?"

யார் பார்க்கப் போகிறார்கள். என் தையலுக்கு அவள் வைத்த மதிப்பு அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டப் போனாள், பெட்டியைப் பூட்டாமல். ஆறு குட்டை ஊசிகளை உள்ளங்கையில் கொட்டி, முனைகளைத் தடவிப் பார்த்து, இருப்பதிலேயே சின்னதை எடுத்தேன். பெரிதாக இருந்தால் போர்வையை மடிக்கும்போது கையில் தட்டுப்படும். கரை திறந்திருந்த பக்கமாகப் பஞ்சுக்குள் விட்டு, நடுவுக்கு நகர்த்தி, முனையை மேலே பார்க்க வைத்தேன். என் கைக்கே வராத ஊசியை நான் எப்படி மறந்து விட்டிருக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

குழந்தைமேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. பெரியம்மா குரல் கேட்டாலே தாவும். பல் முளைக்கிறதல்லவா, அந்தப் போர்வையின் கரையைச் சப்பிக்கொண்டேதான் தூங்கும். ஆஸ்பத்திரியில் போர்வை இல்லாமல் ஓயாமல் அழுகிறது என்று அவள் கெஞ்சினாள், சாட்சிக்கென்று எடுத்து வைத்திருந்ததை மதியம் நீங்களே கொடுத்தனுப்பினீர்கள். நடுவிலெல்லாம் நன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தீர்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் கரையில் துணி நாலு மடிப்பு. அதற்குள் நீளவாக்கில் இன்னோர் ஊசி படுத்திருந்தால் விரலுக்கு மடிப்பு மாதிரிதான் தெரியும். அது நீள ஊசி, என் ஊசி. கரையை மூடியிருப்பதும் என் ஓட்டுத் தையல்தான். ஈரத்தில் ஊறி, இரண்டு தடவை இழுபட்டால் பிரிந்துவிடும்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், ஐயா. மறதி என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதை அடியுங்கள். ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போன் செய்யலாம்.