இறக்கைக்காரன் நாவலைப் பற்றி என் கருத்து

ஒரு புத்தகத்தை முழுதாகப் படிக்காமல் அதைப் பற்றிக் கருத்துச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. படிக்காமலேயே வாய் கிழியப் பேசுகிறவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். நான் அந்த நாவலை நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் படித்தேன். குப்பை.

உங்கள் ஏட்டு எழுதிய வாக்குமூலத்தையும் முழுதாகப் படித்தேன். அதில் ‘பொய் சொல்லி அனுப்பி வைத்தேன்’ என்று ஒரு வரி இருந்தது. அதனால்தான் கையெழுத்துப் போடவில்லை. வெள்ளைத்தாள் கேட்டேன், கொடுத்தீர்கள். நன்றிங்க இன்ஸ்பெக்டர் மேடம். நடந்ததை என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

என் பெயர் சித்ரகலா, வயது நாற்பத்தேழு. அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் துணியை டேபிளில் விரித்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்டதோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அதுதான் எங்கள் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் பழுதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி ஒரு பீஸைக்கூட நான் விட்டதில்லை. முதலாளி வந்து நின்றாலும் உள்ளதைத்தான் சொல்வேன். சித்ரகலா சொன்னால் சரியாக இருக்கும் என்று அந்த ஹாலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கதை விஷயத்திலும் அப்படித்தான். பத்தரை மணி டீக்கு உட்கார்ந்தால் வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் என்ன நடந்தது, அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று என்னைத்தான் கேட்பார்கள். நான் நன்றாக இல்லை என்று சொன்ன கதையை யாரும் தொடமாட்டார்கள். அன்புசெல்வி வரும் வரைக்கும் இது நடந்தது.

அவளுக்கு இருபது வயது. தெற்கிலிருந்து வந்தவள், தாய் தகப்பன் இல்லை, தாய்மாமன் பாண்டித்துரை வளர்த்தார். என் டேபிளில்தான் வேலை. வேலையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டீ நேரத்தில் பையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். இளவயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதிய தேவதைக் காதல் கதை, மொழிபெயர்ப்பு. அட்டையில் சட்டை போடாத ஒருவன் இறக்கையோடு நிற்கிறான். ஒரே வாரத்தில் மயிலாள் முதற்கொண்டு எல்லோரும் டம்ளரைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். மயிலாளுக்குப் பேரன் எடுக்கும் வயது. இறக்கைக்காரன் முத்தம் கொடுத்தானா என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறாள்.

“நீங்க படிச்சிட்டு எப்படியிருக்குன்னு சொல்லுங்கக்கா. நீங்க சொன்னாத்தான் எனக்கு நிம்மதி” என்று அன்புசெல்வியே புத்தகத்தை என்னிடம் கொடுத்தாள்.

படித்தேன். பதினேழு வயதுப் பெண்ணொருத்தி காட்டில் வழி தவறித் தேவதைகளின் நாட்டுக்குள் போய்விடுகிறாள். அங்கே ஓர் இளவரசன், முன்னூறு வயது. முன்னூறு வயதுக் கிழவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் காதலித்தால் நம் ஊரில் அதற்கு என்ன சட்டம் என்று உங்களுக்கே தெரியும். அவன் கண் முதல் அத்தியாயத்தில் பச்சை, ஆறாவது அத்தியாயத்தில் தேன் நிறம், இருபதில் சாம்பல். துணி இப்படிக் கலர் மாறி வந்தால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிவிடுவோம். அந்தப் பெண்ணுக்குப் பசியே எடுப்பதில்லை, துணி துவைப்பதில்லை, மாதவிலக்கு வருவதில்லை. அவன் இறக்கையை விரிக்கிற போதெல்லாம் மூச்சு மட்டும் முட்டுகிறது.

எல்லாவற்றையும்விட மோசம் முப்பத்தோராவது அத்தியாயம். தேவதைகளுக்குப் பொய் பேச வராது, அது அவர்கள் பிறவிக் குணம் என்று கதையில் ஒரு விதி. அந்த நாட்டு ராணிக்கு இந்தப் பெண்ணை ஆகாது. கோட்டை வாசலில் வேட்டைக்காரர்கள் காத்திருக்கிறார்கள், கூடவே அவளுடைய அண்ணனும் நிற்கிறான். ராணி வந்து, “உன் அண்ணன் வந்திருக்கிறான், உன்னைப் பார்க்காமல் அழுகிறான்” என்கிறாள். அவ்வளவும் உண்மை. வேட்டைக்காரர்களைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த லூசு உடனே கிளம்பிவிடுகிறது. வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ராணி மாட்டிக்கொண்டிருப்பாள். எந்தப் பெண்ணும் கேட்காமல் போகமாட்டாள். பக்கத்தின் ஓரத்தில் அப்படியே எழுதினேன்.

பழுது இருந்த இடத்திலெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றாறு. டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் முகம் தொங்கிப்போகும் என்று நினைத்தேன். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பிறகு சிரித்தாள்.

“யக்கா, செவப்பு ஸ்டிக்கருக்கு மேல மஞ்சள் ஒட்டியிருக்கீங்க, அதுக்கு மேல நீலம் ஒட்டியிருக்கீங்க. அப்ப மூணு தடவ படிச்சிருக்கீங்க. முத்தம் குடுக்குற பக்கம் மட்டும் ரொம்பக் கசங்கியிருக்கே.”

மயிலாளுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அந்த டேபிளில் அவள் போகப் பதினோரு பெண்கள், பதினோரு பேரும் சிரித்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு என்னைக் கேலி செய்யும் எண்ணம் இருந்திருக்காது, பிரியமாகத்தான் சொன்னாள். அது இன்னும் மோசம். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “முப்பத்தொண்ணாவது அத்தியாயத்துக்கு எழுதுனது மட்டும் தப்புக்கா. நம்புறவங்ககிட்ட யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க” என்றாள்.

கதையைப் பற்றிய கருத்து வேறுபாடு அது. பேசித் தீர்கிற விஷயம் இல்லை, செய்து பார்த்தால்தான் தெரியும்.

அவளுக்கும் ஓர் இளவரசன் இருந்தான். கட்டிங் பிரிவில் வேலை செய்யும் வேல்குமார். இறக்கை கிடையாது, ஒரு பழைய பைக் உண்டு. இருவரும் போன மாதம் மாலை மாற்றிக்கொண்டு தனியாக வீடு பார்த்துக் குடியிருந்தார்கள். வேறு வேறு சாதி. மாமனுக்குத் தெரிந்தால் வெட்டிப் போட்டுவிடுவார் என்று அன்புசெல்வி என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். வேலைக்குச் சேர்ந்தபோது நிரப்பிய பாரத்தில் மாமனின் போன் நம்பர் இருந்தது. அந்த பைல் என் அலமாரியில்தான் இருக்கிறது.

கூப்பிட்டேன். “ஏனுங்க, உங்க மருமக இங்கதான் வேலை செய்யறாளுங்க. போன மாசம் கல்யாணம் ஆயிருச்சுங்க. மாப்பிள்ளை பேரு வேல்குமாருங்க” என்றேன். அவன் என்ன சாதி என்று கேட்டார், சொன்னேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் வந்தார்கள். வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டார். பாண்டித்துரை கேட்டுக்கு வெளியே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஊருக்குக் கூட்டிப் போய் முறைப்படி கல்யாணம் செய்து வைப்பதாகச் சொன்னார். சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் வெள்ளை வேன். கண்ணாடி இறக்கியிருந்தது. உள்ளே நான்கு பேர். சீட்டுக்கு அடியில் சாக்கில் சுற்றிய நீளமான பொருள், பிடி மட்டும் வெளியே தெரிந்தது. அரிவாளை அரிவாள் என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. இருபது இஞ்ச் துணியில் ஊசி முனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண் என்னுடையது.

உள்ளே போய் அன்புசெல்வியிடம் சொன்னேன். “உன்ற மாமன் வந்திருக்கறாரு கண்ணு. கேட்டுக்கிட்ட நின்னு அழுகறாரு. முறையாக் கல்யாணம் பண்ணி வெக்கறேன்னு சொல்றாரு.” மூன்று வாக்கியம், மூன்றும் உண்மை. நாவலில் ராணிக்கு இரண்டு வாக்கியம்தான்.

அவள் அழுதாள். சந்தோஷ அழுகை. வேல்குமாரைக் கூப்பிட வேண்டும் என்றாள். வேலை நேரத்தில் எல்லோர் செல்போனும் என் டேபிள் பெட்டியில் பூட்டியிருக்கும், அது கம்பெனி விதி. அவன் முதல் மாடியில் துணி வெட்டிக்கொண்டிருந்தான். அவனை நான் கூப்பிடவில்லை. மயிலாளிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள். நானும் கேட் வரைக்கும் கூடவே நடந்தேன்.

ஐந்தரை மணிக்கு வேல்குமார் வந்து, “அன்பு எங்கக்கா?” என்று கேட்டான். மாமன் வந்து கூட்டிப் போய்விட்டார் என்றேன். அதுவும் உண்மை. அவன் படியில் விழுந்து எழுந்து ஓடினான். இளவரசன் சரியான நேரத்தில் வந்து காப்பாற்றுவதெல்லாம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கப் புளுகு. மறுநாள் குன்னத்தூர் பக்கம் கிணற்றில் அவளை எடுத்ததை நீங்களே நேரில் பார்த்தீர்கள். நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கொன்றுவிடுவார்கள் என்று தெரியுமா என்று காலையில் கேட்டீர்கள். தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். அதை மறைக்க நினைத்திருந்தால் இவ்வளவு விவரமாக எழுதுவேனா?

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. முப்பத்தோராவது அத்தியாயத்தைப் பற்றி நான் சொன்னதுதான் சரி. அன்புசெல்வி சொன்னது தப்பு. அந்த டேபிளில் சிரித்த பதினோரு பேருக்கும் இதை நீங்கள் படித்துக் காட்ட வேண்டும். அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே கால் வைக்கும் முன் அவள் நின்றாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

“மாமா மட்டுந்தான வந்திருக்காரு, வேற யாரும் இல்லையேக்கா?” என்று கேட்டாள்.

“யாருமில்ல கண்ணு, அவரு மட்டுந்தான்” என்றேன்.