அடிவாரத்துக் கல்லில் சாத்திய சேலை

அந்தி மயங்கும் நேரம். ஆனைமலையைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் போகும் சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை... ஒரே ஒரு கார். அதில் ஒரே ஒரு ஆள்.

அந்த ஆள் யாரோ எவரோ அல்ல. என் பங்காளியின் மைத்துனர், காங்கேயத்துச் செங்கோட்டையன். நம் பஸ்ஸுக்கு அச்சு முறிந்துவிட்டது. விடியாமல் யாரும் வரப்போவதில்லை. இந்தக் கொசுவில் தூங்கவும் முடியாது. நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்... யார் கை என்று மட்டும் பார்த்துப் பிடியுங்கள்.

செங்கோட்டையனுக்குக் கார் என்றால் பைத்தியம். சித்திரை வெயில் கொளுத்த ஆரம்பித்ததும் தனியாகக் கிளம்பிவிடுவார். பல்லடம், பொள்ளாச்சி என்று ஊர் ஊராக நிறுத்திக் காப்பி குடித்து, மலையேறி, நாலு நாள் குளிரில் கிடந்துவிட்டுத் திரும்புவார். அந்த வருஷம் இன்னும் குஷி. தாராபுரத்தில் செல்லாத்தாள் என்ற பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். வைகாசியில் நிச்சயம். தேர்க்கூட்டத்தில் ஒரு தடவை அவளைப் பார்த்தவர், கட்டினால் இவளைத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

கிளம்பும்போது சிநேகிதன் சுப்பண்ணன் ஒரு துணிப்பொட்டலத்தைக் கையில் கொடுத்தான். சின்ன வயதில் ஒரே தட்டில் தின்ற சிநேகிதம். அவன் சம்சாரம் பழனாத்தாள், நிறைமாதத்தில் மலையிலிருந்து இறங்கி வரும்போது மாட்டுவண்டியிலேயே போய்ச் சேர்ந்தவள். வயிற்றுச் சுமையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவது நம் வழக்கம்தானே? தலைச்சுமையோடு வருகிறவர்கள் அதில் இறக்கி வைத்து ஆறினால் அவள் பாரம் குறையும் என்பார்கள். அவளுக்கும் அடிவாரத்தில் நட்டார்கள். குறையவில்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகு சுப்பண்ணனுக்கு நிச்சயமான இரண்டு பெண்களில் ஒருத்தி காய்ச்சலில் படுத்தவள் எழவே இல்லை. இன்னொருத்தி தூக்கத்தில் அலறி எழுந்து, இந்த மாப்பிள்ளையே வேண்டாம் என்றுவிட்டாள்.

"மறுபடி கட்டோணும்னா மூத்தவளுக்குச் சேலை சாத்தி உத்தரவு கேக்கோணுமாமா மச்சா. எனக்கு அந்தப் பக்கம் போவவே ஒடம்பு நடுங்குது. நீ சாத்திப்போட்டு வா. 'மாமன் வந்திருக்கறேன், வாங்கிக்க கண்ணு'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. அப்பத்தான் வாங்குவா. எம் பேரு மட்டும் எடுக்க வேண்டாம்..."

"இதென்ன பெரிய காரியம்? உனக்குச் செய்யாம ஆருக்குச் செய்யப் போறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

கல்லுக்குப் பக்கத்தில் காரை நிறுத்திப் பொட்டலத்தை அவிழ்த்தார். சாதாரணச் சேலை இல்லை. கூறைச் சேலை. முந்தானையில் மஞ்சள் தடவியிருந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது... நம்மில் பால்குடிக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்போதே திரும்பியிருக்க வேண்டும் மனிதர். ஆனால் சொன்ன சொல் இருக்கிறதே! நம் ஆட்களுக்கு அதுதானே வியாதி. கல்லில் சேலையைச் சாத்தினார்.

"மாமன் வந்திருக்கறேன். வாங்கிக்க கண்ணு."

காற்றே இல்லை. சேலை மெல்ல உப்பியது... உள்ளே ஒரு வயிறு இருப்பதுபோல. பிறகு தணிந்தது.

அவசரமாகக் காரை எடுத்தார். பின்பக்க ஸ்பிரிங் கிரீச்சென்று அமுங்கியது... யாராவது ஏறி உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி. முதல் வளைவில், பின் சீட்டிலிருந்து கண்ணாடி வளையல் சத்தம். சலக். அடுத்த வளைவிலும், சலக். புதுச் சேலைக் கஞ்சி வாசனை, பச்சை மஞ்சள் வாசனை... அதற்கடியில் நனைந்த வைக்கோல் வாசனை. திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. சீட்டு மட்டும் பள்ளமாக அமுங்கியிருந்தது.

மலையும் வேண்டாம், குளிரும் வேண்டாம் என்று காரைத் திருப்பினார். விடியும்போது காங்கேயத்தில் சுப்பண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. ஜன்னல்தான் விரலிடை திறந்தது.

"கூறைச் சேலையக் குடுத்து என்னயப் புருஷனாக்கிப்போட்டியேடா சுப்பண்ணா! தெரிஞ்சேதான் செஞ்சியா?"



"நேத்துத்தான் மச்சா நல்லாத் தூங்குனேன்" என்றான் சுப்பண்ணன். பிறகு, "எனக்கு ரண்டு பொண்ணு தட்டிப்போச்சு. உனக்கு இதுதான மொதலு?"

ஜன்னல் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பாவி! பின்னால் என் பங்காளியிடம் செங்கோட்டையன் சொல்லி அழுதாராம். "அவளுக்குக்கூட நான் பயப்படலீங்க. அவன் தாப்பாப் போட்ட சத்தந்தானுங்க காதை உட்டுப் போவ மாட்டேங்குது."

வைகாசி பிறந்ததும் சுப்பண்ணனுக்குக் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. ஒரு குறையும் இல்லை.

அதே மாதம் நிச்சயம் பேசச் செங்கோட்டையன் தாராபுரம் போனார். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. காரைத் தொடவே இல்லை. பழனாத்தாள் அதோடு கிடக்கட்டும் என்று, தாயாரை ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டியில் போனார். போகும் வழியெல்லாம் வளையல் சத்தம் இல்லை, வாசனை இல்லை. அவருக்கு உயிர் வந்தது. வாசலில் தண்ணீர்ச் சொம்போடு செல்லாத்தாளின் அம்மா நின்றிருந்தாள். உள்ளே கதவோரம் செல்லாத்தாளின் சேலை தெரிந்தது. தாயும் மகனும் இறங்கி நடந்தார்கள்.

அந்த அம்மாள் அவர்களைத் தாண்டி, அவிழ்த்து நிறுத்திய வண்டியருகே போய் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"ஏனுங்க... நெறமாசப் பிள்ளைய வண்டீலயே உட்டுப்போட்டு வந்துட்டீங்களே, ஆருங்க அது? நான் கூப்புட்டுப் பாத்தேனுங்க. மாமன் வந்து கையக் குடுத்தாத்தான் எறங்குவேங்குது."