மிலாடா கிளம்பச் சொன்ன நேரம்

— கிளம்பாதேன்னா கிளம்பாதே, யுராய்.

— மிலாடா அக்கா, உங்க மலையுச்சியில காத்து பூஜ்ஜியம்னு என் திரையில காட்டுது. இங்க அடிவாரத்துல, போப்ராட்ல, கொடிகூட அசையல. ஹெலிகாப்டர் விசிறியைச் சுத்தவிட்டுக்கிட்டு உக்காந்திருக்கோம். அங்க பாறைத் தட்டுல ஒரு பொண்ணு கால் ஒடிஞ்சு கிடக்கா, தாயே!

— கேளு தம்பி. உன் திரையில தெரியிறது காத்து இல்ல. இங்க காத்தை அளக்குற காத்துமானிக் கிண்ணம் பனி உறைஞ்சு சுத்தாம அப்படியே நிக்குது. இப்பத்தான் மொட்டை மாடிக்குப் போய் சுத்தியலால தட்டிவிட்டு வந்தேன். நான் படி இறங்குறதுக்குள்ள மறுபடி மூடிக்கிச்சு.

— அப்ப நிஜக் காத்து எவ்வளவு?

— இடுப்பைக் கம்பியோட சேத்துக் கட்டிக்கிட்டுத்தான் நின்னேன். போதுமா? அந்தத் தட்டுக்கு நேர் மேல வந்து கீழ அமுக்குது. உன்னைப் பாறையில வச்சு அறைஞ்சிடும்.

— நான் பயந்தாங்கொள்ளி இல்லக்கா.

— அதான் எனக்குப் பயம்.

— வானிலை நிலையத்துல உக்காந்து முட்டைக்கோசு சூப்பை உறிஞ்சிக்கிட்டு ‘வராதே’ன்னு சொல்றது ரொம்ப சுலபம்!

— திட்டு. நல்லா திட்டு. ஆனா கிளம்பாதே. வெளியே போய் இன்னொரு தரம் பாத்துட்டு வரேன்.

*

— யுராய், கேக்குதா?

— சொல்லுங்க! கிளம்பட்டுமா?

— இன்னும் இல்ல.

— பொழுது சாயுது. இருட்டினா அவ விறைச்சே செத்துப்போவா. அந்தப் பாவம் உங்க தலையில!

— என் தலையிலயே இருக்கட்டும். மேகம் போலந்துப் பக்கமிருந்து உருள ஆரம்பிச்சிடுச்சு. காத்து வடக்கத்திக் காத்தா மாறப்போகுது. மாறுற நேரத்துல மலை கொஞ்சம் மூச்சு வாங்கும். அதுதான் உனக்கு வழி. தயாரா இரு.

— அது எப்படி உங்களுக்குத் தெரியும்?

— வருஷக்கணக்கா இந்தக் காத்துக்கு முகத்தைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். வேற எப்படித் தெரியணும்? இரு... இரு... கிளம்பு! இப்பவே! தெற்குச் சரிவை ஒட்டி ஏறு!

— கிளம்பிட்டோம்!

*

— அக்கா, இறங்கியாச்சு. பொண்ணு பத்திரம். கால் கூடிடும்னு டாக்டர் சொல்றார்.

— நல்லது தம்பி. உங்க ஆளுங்க?

— நாலு பேரும் முழுசா இருக்கோம். அவளைக் கயிறுல தூக்குறப்போ ஒரு இழை காத்து இல்ல. தட்டை விட்டு விலகினோமோ இல்லையோ, பின்னால மலையே ஊளையிட ஆரம்பிச்சிடுச்சு. முன்னாடியே போயிருந்தா எங்களை அள்ளித்தான் எடுத்திருக்கணும். நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க.

— நீ பேசலைன்னாத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். நல்லா ஓட்டினே.

— அக்கா... வழியில பேர் கேட்டோம். லியுபாவாம். அம்மா யாரும்மான்னா உங்க பேரைச் சொல்றா! யாருன்னு தெரியாமலே உங்க மகளைக் காப்பாத்தியிருக்கீங்க!

— தெரியாம என்ன? விழுந்ததும் முதல்ல எனக்குத்தான் போன் பண்ணினா. ‘காத்து அடங்குற வரைக்கும் அவங்களை வரவிட்டுடாதேம்மா’ன்னு சொன்னதே அவதான்.