பாலம் உடைந்த பிறகு

பிரேசிலின் தென்கோடியில் எங்கள் பெலோட்டாஸில் ஜூலை மாதக் குளிரில் துவைத்த துணி காயாது. சுவரே வியர்த்து வழியும். அதனால் பழைய வீடியோ விளையாட்டுக் கேசட்டுகளை நான் அரிசி போட்ட டப்பாவில்தான் வைக்கிறேன். கேசட்டின் பித்தளைப் பற்களை ரப்பரால் துடைத்தால் போதும், வாயால் ஊதாதீர்கள் என்று உங்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் ஊதாத ஆளை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. நான் சொன்ன மற்றதையெல்லாம் நம்பினீர்கள், இதை மட்டும் நம்பவில்லை.

போன வாரம் தைனாரா என் கராஜுக்கு வந்தாள். ஜப்பானிய மொழி படிக்கிற பெண். ‘கடைசிப் பாலம்’ விளையாட்டின் அசல் ஜப்பானியக் கேசட் அவளுக்கு எங்கிருந்தோ கிடைத்திருக்கிறது. கதவருகிலேயே நின்றுகொண்டு கேட்டாள்.

"அடெமார் அண்ணே, பாலம் உடைஞ்சதும் அசல்ல ஒரு கேள்வி வருது. நீங்க மொழிபெயர்த்ததுல அது இல்லையே. எங்க போச்சு?"

"நான்தான் எடுத்துட்டேன். உள்ள வா, குளிருது" என்றேன்.

அவள் உள்ளே வரவில்லை. ஏன் எடுத்தேன் என்பதை நம் விளையாட்டுக் குழுவில் எல்லோருக்கும் சொல்லச் சொன்னாள். சொல்கிறேன். மறைத்துவைத்து எனக்கும் அலுத்துவிட்டது.

விளையாட்டை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு சின்ன நாடு, பெரிய பகை, ஊர் சனம் ஆற்றைக் கடந்து தப்பிக்கும்வரை நம் படை தாக்குப்பிடிக்க வேண்டும். கடைசியில் ஒருவன் பாலத்தின் நடுவில் நின்று அதை உடைக்க வேண்டும், அவனும் அதோடு போவான். அது யார் என்று நாம் முடிவு செய்ய முடியாது. ஆரம்பத்திலிருந்து எவனை அதிகமாக நம்பிக் களத்தில் இறக்கினோமோ அவனையே விளையாட்டு எடுத்துக்கொள்ளும். வெறும் ஆறு மட்டும் திரையில் நிற்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் நம் படையின் பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே போகும். போன பெயர் கேசட்டிலிருந்தும் அழிந்துவிடும்.

வீரர்களுக்குச் சொந்தபந்தங்களின் பெயரை வைக்கும் வழக்கத்தை நம் குழுவில் யார் தொடங்கியது என்று தெரியவில்லை. நான் இல்லை. ஆனால் கடைசிச் சண்டையை யாரும் வீட்டில் தனியாக முடிக்கக் கூடாது, சனிக்கிழமை மத்தியானம் என் கராஜில் எல்லோர் முன்னாலும்தான் முடிக்க வேண்டும் என்ற விதி என்னுடையது. தொலைக்காட்சிப் பெட்டிமேல் கேமராவை வைத்தேன். அது திரையைப் பார்க்காது, விளையாடுபவரின் முகத்தைப் பார்க்கும். மாத்தே தேநீர்க் குடுவை கைமாறிக்கொண்டே போகும். பாலம் உடையும்போது யாரும் அடுத்தவருக்குக் குடுவையை நீட்டமாட்டார்கள். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கும்.

எத்தனை முகங்கள் பார்த்துவிட்டேன். பல் டாக்டர் ஒருவர் ஜப்பான்காரன் பரம்பரையையே சபித்தார். ஒரு பெண் எழுந்து வெளியே போய், மழையில் நின்று சிகரெட் பிடித்தாள். சிகரெட் நனைந்து அணைந்தது தெரியாமல் உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். பஸ் ஓட்டுகிற வால்டோவை நீங்கள் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். குதிரை வீரனுக்கு மாமியார் பெயரை வைத்தான். ஒழியட்டும் என்று ஒவ்வொரு சண்டையிலும் அவரையே முன்னால் தள்ளினான். கிழவி சாகவேயில்லை, வெட்டி வெட்டிப் படையிலேயே பெரிய ஆளாகிவிட்டார். கடைசியில் விளையாட்டு அவரைத்தான் பாலத்துக்குக் கூப்பிட்டது. வால்டோ தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டான்.

"மாமியாருக்காக அழுத முதல் மருமகன் நீதான்டா" என்று யாரோ சொன்னார்கள்.

"அழலைடா. கண்ணுல புகை" என்றான். கராஜில் அப்போது யாரும் புகைபிடிக்கவில்லை. அன்று சாயங்காலம் மாமியாருக்குப் போன் போட்டு, சாப்பிட்டாரா என்று விசாரித்திருக்கிறான். இந்த மாப்பிள்ளைக்கு என்ன வந்தது என்று அவர் பயந்துபோனாராம்.

இதில் என்ன கெடுதல் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போதும் அப்படிப் பெரிதாகத் தோன்றவில்லை.

அசலில் இருந்த கேள்வி இதுதான். பாலம் உடைந்ததும் ஒரு சிப்பாய் ஓடிவந்து, ‘அக்கரையில் காத்திருப்பதா, கிளம்புவதா?’ என்று கேட்பான். காத்திருக்கிறேன் என்று சொன்னால் போதும். கொஞ்ச நேரம் திரையில் ஒன்றும் நடக்காது, தண்ணீர் மட்டும் ஓடும். பிறகு போனவன் நீந்திக் கரையேறுவான். பெயர்கள் அழியாது. கிளம்புகிறேன் என்றால்தான் நீங்கள் பார்த்த முடிவு. நான் கேள்வியை எடுத்துவிட்டு, எல்லோரையும் கிளம்ப வைத்துவிட்டேன். அரை நாள் வேலை.

காரணம் இருக்கிறது. என் தம்பி ஒட்டாசிலியோ காயலில் மீன்பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. அவனுக்கு நன்றாக நீச்சல் தெரியும். அம்மாவும் நானும் லராஞ்சல் கரையில் நின்றோம். தெரிந்தவர்கள் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள், பிறகு ரொட்டி வருவதும் நின்றது. அம்மா நின்றுகொண்டேயிருந்தார். காத்திருந்தால் வருவான் என்று சொல்கிற விளையாட்டைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. என் கை வழியாக அந்தப் பொய் இந்த ஊருக்குள் வரக் கூடாது என்று நினைத்தேன். மொழிபெயர்ப்பவனுக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

தோனா இஸ்மேனியா விஷயத்துக்கு வருகிறேன். தைனாரா உண்மையில் கேட்டது அதைத்தான்.

சந்தையில் இனிப்புக் கடை வைத்திருந்தவர். அவர் மகன் க்ளேபர், மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன், நம் குழுவில் ஒருவன். கடைசிச் சண்டைவரை வந்துவிட்டான். "சனிக்கிழமை முடிக்கிறேன், நீயும் வாம்மா" என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். அதற்குள் மழையில் லாரி மோதிப் போய்விட்டான். சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, அவனுடைய கேசட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு, ஒரு தட்டு நிறையக் கீண்டிம் இனிப்போடு அவர் வந்தார்.

"பிள்ளை பாதியில விட்ட வேலை. முடிச்சு வைக்கணும். எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது" என்றார்.

வால்டோ பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லிக்கொடுத்தான். நான் கேமராவைச் சரிசெய்தேன். க்ளேபர் ஈட்டிக்காரனுக்குத் தன் பெயரையே வைத்திருந்தான். வில்காரிக்கு ‘அம்மா’ என்று பெயர். திரையில் அதைப் பார்த்ததும் அவர் சிரித்தார்.

"என்னை எதுக்குடா சண்டைக்கு இழுத்த" என்று திரையைப் பார்த்துச் சொன்னார்.

க்ளேபர் தன் ஈட்டிக்காரனைத்தான் அதிகம் இறக்கியிருந்தான். பாலத்துக்கு யார் போவார் என்று முதல் நிமிஷத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வால்டோவுக்கும் தெரிந்தது, அவன் என்னைப் பார்த்தான். நான் கேமராவைப் பார்த்தேன்.

ஈட்டிக்காரன் பாலத்தின் நடுவுக்கு நடந்தபோது தோனா இஸ்மேனியா கேட்டார், "அவனுக்குப் பதிலா அந்த அம்மாவை நிறுத்த முடியாதா தம்பி?"

"முடியாதும்மா."

இது உண்மை. அசலிலும் முடியாது.

பாலம் உடைந்தது. ஆறு மட்டும் நின்றது. யாரும் குடுவையை நீட்டவில்லை. பொத்தானை அழுத்துங்கம்மா என்று வால்டோ மெதுவாகச் சொன்னான். அவர் அழுத்தவில்லை.

"என் பிள்ளைக்கு நீச்சல் தெரியும். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். இதுல காத்திருக்கிற மாதிரி ஏதாவது இருக்கா தம்பி?" என்றார்.

விளையாட்டைத் தொட்டே அறியாத பெண். இத்தனை பேர் முடித்தார்கள், திட்டினார்கள், அழுதார்கள், ஒருவருக்கும் இந்தக் கேள்வி வரவில்லை.

"அப்படி ஒண்ணும் இல்லைம்மா" என்றேன்.

முதல் பதிலைச் சொன்ன அதே குரலில்தான் இதையும் சொன்னேன். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

அவர் காத்திருந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கிளம்பினார்கள். வால்டோவுக்கும் வண்டி எடுக்கிற நேரம் வந்துவிட்டது; அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். கடைசியில் நாங்கள் இருவரும் அந்த ஆறும் மட்டும். அந்த நேரத்தில் நான் சில காரியங்களைச் செய்திருக்கலாம். என் அரிசி டப்பாவிலேயே அசல் கேசட் இருந்தது. அதைப் போட்டுக் காட்டியிருக்கலாம். சண்டை தொடங்கும் முன்பே க்ளேபரின் படையை ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாம், மாத்தேவுக்கு வெந்நீர் காய்வதற்குள் முடிகிற வேலை. எடுத்து வைக்கச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அவர் மடியிலிருந்து கட்டுப்பாட்டுக் கருவியை எடுத்து, பொத்தானை நானே அழுத்தினேன்.

பெயர்கள் மேலே போயின. ‘அம்மா’ முன்னால் போனது, ‘க்ளேபர்’ கடைசியில் போனது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

அவர் அழவில்லை. தட்டைக் கழுவி, துடைத்து, எடுத்துக்கொண்டு போனார். கேசட்டை விட்டுவிட்டுப் போனார். அது இப்போது காலிக் கேசட், குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குக் கொடுத்திருக்கிறேன். அன்றைய படத்தை உங்களுக்குக் காட்டவில்லை, ஏனென்றால் அவர் முகத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. நான் மட்டும் அவ்வப்போது போட்டுப் பார்ப்பேன். நான் பொத்தானை அழுத்துகிற இடத்தில் அவர் என் பக்கம் திரும்புவார். எதையோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிடுவார். அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

சந்தையில் இப்போது அவர் கடை இல்லை. தங்கை வீட்டோடு போய்விட்டார் என்கிறார்கள். அசல் கேசட்டை அவரிடம் கொண்டுபோய்க் காட்டப்போகிறேன் என்கிறாள் தைனாரா. காட்டட்டும். கரையேறுகிறவனுக்கு வேறு பெயர் இருக்கும்.

எனக்கு வயதாகிறது. இனி சனிக்கிழமைகளில் யாரும் வரமாட்டீர்கள் என்று தெரியும். பரவாயில்லை, எனக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. மழை பெய்யும் ஞாயிறுகளில் டப்பாவிலிருந்து அந்த அசல் கேசட்டை எடுத்து, பற்களைத் துடைத்துப் போடுவேன். அதில் ஈட்டிக்காரனுக்கு ஒட்டாசிலியோ என்று பெயர். எல்லாச் சண்டையிலும் அவனைத்தான் இறக்குவேன். பாலம் உடையும், சிப்பாய் ஓடிவந்து கேட்பான், காத்திருக்கிறேன் என்பேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு அவன் கரையேறுவான். ஒருமுறைகூட வராமல் இருந்ததில்லை.

காத்திருந்தால் யாரும் திரும்பி வரமாட்டார்கள் என்பதைத் தோனா இஸ்மேனியாவுக்கு யாராவது ஒருவர் புரியவைக்கத்தானே வேண்டியிருந்தது.