எங்கள் போர்க்கப்பல் மூழ்கிய விதம்

எங்கள் வீட்டில் நின்றுகொண்டே சாப்பிடுவது பழகிப்போய்விட்டது, செயலாளர் சார். சாப்பாட்டு மேசையில் நாங்கள் கட்டிய மாதிரிக் கப்பல் இருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் முன்பக்கத்துப் பீரங்கி நேராக மூக்குக்கு வரும். அதற்காக நானும் என் மனைவியும் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது சண்டை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை.

காப்பீட்டு அலுவலகத்தில் என் வேலை உங்களுக்குத் தெரியும். நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களின் விபத்தில் தப்பு யார்மேல் என்று பார்த்துச் சொல்வது. பெரும்பாலும் கேட்டு வந்தவர்மேல்தான் இருக்கும். நாள் முழுக்க உடைந்ததையே பார்க்கிற மனுஷனுக்கு வீட்டில் எதையாவது கட்ட வேண்டும் என்று தோன்றாதா? சிலர் கோழிக்கூடு கட்டுகிறார்கள். நான் போர்க்கப்பல் கட்டினேன். ஒட்டுப்பலகையில் விலா எலும்புகள் அறுத்து, மேலே மெல்லிய பட்டிகள் ஒட்டி, பிசின் பூசி, தேய்த்து, திரும்பப் பூசி. அந்தப் பிசின் நாற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு மாமியார் வீட்டுக்குப் போனார். அவர் மாமியார் வீட்டுக்கு விரும்பிப் போனதை அன்றுதான் பார்த்தேன்.

மேல்தளத்து வேலையெல்லாம் அவளுடையது. அவள் பல் ஆஸ்பத்திரியில், பல் செட் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறவள். அரிசியில் பாதி அளவு பல்லுக்குக்கூட நிழல் தீட்டுவாள். கைப்பிடிக் கம்பிகள், கயிற்றேணி, மாலுமிகள், எல்லாம் அவள் கை. ஒவ்வொரு மாலுமிக்கும் ஒரு முகம். தளபதிக்கு என் முகம். தொப்பையை மட்டும் இழுத்துப் பிடித்திருந்தாள். "அவ்வளவாவது அன்பு வேண்டாமா"ன்னு சிரித்தாள். பார்த்தீர்களா, நல்ல மனசு. அதை நான் என்றும் மறுத்ததில்லை.

கப்பலைப் பூங்காக் குளத்தில் முதன்முதலாக இறக்கிய அன்று நீங்களும் இருந்தீர்கள். கரையிலிருந்து ஓட்டுகிற ரிமோட் கருவி என் கையில். கப்பல் கம்பீரமாகப் போயிற்று. சிக்கல் திரும்பி வரும்போதுதான். நம்மைவிட்டுப் போகும்போது அதன் இடதும் நம் இடதும் ஒன்று. நம்மைப் பார்த்து வரும்போது எல்லாம் மாறிவிடும். அதன் இடது நமக்கு வலது. புத்திக்கு இது தெரிகிறது, கட்டைவிரலுக்குத் தெரியவில்லை. வாத்துக் கூட்டத்துக்குள் புகுந்தேன். நடைப்பயிற்சி வந்தவரின் காலணியை நனைத்தேன். கடைசியில் கரையில் முட்டி நின்றது.

"குடுங்க"ன்னு அவள் கருவியை வாங்கினாள். அவ்வளவுதான். கப்பல் வளைந்து, வாத்துகளுக்கு வழிவிட்டு, வெண்ணெயில் கத்தி போல வந்து அவள் காலடியில் நின்றது. எப்படி என்று கேட்டேன்.

"இதென்னங்க பெரிய வித்தை? எதிர்ல உக்காந்து வாயத் தொறக்கிறவருக்கு எடதுபக்கப் பல்லுன்னா எனக்கு வலதுபக்கம். தினமும் அதானே என் பொழப்பு."

அதன்பிறகு அவள்தான் ஓட்டினாள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் கரையில் கூடுகிறவர்கள், "அக்கா கப்பல் வந்திருச்சு" என்றார்கள். அக்கா கப்பல். இடுப்பு ஒடிய விலா அறுத்தவன் நான். என் மச்சினன் வேறு, குடும்பத்தில் ஒருத்தன் போதுமே, "என்ன மாமா, அக்கா கேப்டன், நீங்க பை தூக்குறீங்களா? பாத்து, பேட்டரிய மாத்திக் குடுத்துராதீங்க"ன்னு எல்லார் முன்னாலும் கேட்டான். நானும் சிரித்தேன். சிரிக்கத் தெரியாதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

நம் மாதிரிக் கப்பல் சங்கத்தின் ஆண்டு அணிவகுப்பில் முதல் கப்பல் எங்களுடையது என்று நீங்கள் அறிவித்தபோது மைக்கில் அவள் பெயரை மட்டும் சொன்னீர்கள். நீங்கள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டீர்கள். நான் கைதட்டினேன். அப்போதுதான் எனக்கு அவளைப் பற்றிக் கவலை வந்தது. இவ்வளவு புகழ் ஒரு ஆளுக்கு நல்லதா? தலை கனத்துப் போனால் அப்புறம் விழும்போது அடி பலமாக இருக்கும். சின்ன உயரத்திலிருந்து, நான் பக்கத்தில் இருக்கும்போதே விழுந்துவிட்டால், தாங்கிப் பிடிக்கலாம்.

கப்பலின் அடியில் ஒரு ஓட்டை உண்டு. உள்ளே கசிந்த தண்ணீரை வீட்டில் வடிப்பதற்கு. ஓட்டுவதற்கு முன் ரப்பர் அடைப்பானைச் செருக வேண்டும். அது எப்போதும் என் வேலை. அணிவகுப்பு அன்று காலை, "இன்னைக்கு நீயே போடு, உன் கப்பல்தானே" என்றேன். எவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. செருகி, அழுத்தி, ஒருமுறை தட்டியும் பார்த்தாள். அவள் தலை வார உள்ளே போனதும் நான் அதை உருவிவிட்டு இருமல் மிட்டாயை வைத்தேன்.

அப்படியே வைத்துவிட முடியாது சார். அதற்குப் பின்னால் உழைப்பு இருக்கிறது. எலுமிச்சை மிட்டாய் சீக்கிரம் கரைந்துவிடுகிறது. பால் மிட்டாய் இளகி ஒட்டிக்கொள்கிறது, கரையவே மாட்டேன் என்கிறது. துணி ஊறவைக்கிற வாளியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, இருமல் மிட்டாயைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தேன். வீடெல்லாம் மிட்டாய்த் தாளைப் பார்த்து, "தொண்டை கட்டியிருக்கா, சொல்லக் கூடாதா"ன்னு அவள் ஒரு வாரம் எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். குடித்தேன். வேண்டாமென்றால் மனசு சங்கடப்படுவாள்.

குளத்தங்கரையில் உங்கள் எல்லார் முன்னாலும் கேட்டேன்: "அடைப்பான் போட்டியா?"

"போட்டேங்க."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"போட்டேங்க, நீங்க பாத்துட்டுத்தானே இருந்தீங்க."

"நான் பாக்கலையே" என்றேன்.

மீதியை நீங்கள் பார்த்தீர்கள். குளத்தின் நடுவில், வளைவின் உச்சியில், கப்பல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. சாயவில்லை, குப்புறக் கவிழவில்லை. எடைக்கு வைத்த ஈயத்தை முதல்நாளே ஓட்டையைச் சுற்றி மாற்றி அடுக்கியிருந்தேன். தளபதியின் தொப்பியும் கடைசியில் தண்ணீருக்குள் போயிற்று. அவள் கருவியை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு கொக்கி போட்டு மேலே இழுத்தபோது ஓட்டை காலியாக இருந்தது. ரப்பர் என் சட்டைப்பையில்.

"போட்ட மாதிரிதாங்க ஞாபகம். என்னை மன்னிச்சிருங்க"ன்னு அழுதாள். தோளில் கை போட்டேன். "விடும்மா, கப்பல்தானே" என்றேன். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று உங்கள் வீட்டம்மாவே சொன்னார்களாம்.

அதன்பிறகு வீடு அமைதியாகிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறாள். வாசலைப் பூட்டிவிட்டு என்னை இழுத்துப் பார்க்கச் சொல்கிறாள். வேலையில், கை மேல் நம்பிக்கை போய்விட்டது என்று கேட்டுக்கொண்டு வரவேற்பு மேசைக்கு மாறிவிட்டாள். எந்தப் பல்லையும் தொடுவதில்லை. எது செய்தாலும் என்னைக் கேட்டுத்தான். நாங்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்ததே இல்லை.

இப்படியே இருந்திருக்கலாம். போன வாரம் நீங்கள் வீட்டுக்கு வந்து அவளைத் தேற்றினீர்கள். "வருத்தப்படாதீங்கம்மா. அன்னைக்கு எடுத்த வீடியோவ எத்தனை பேரு பாத்திருக்காங்க தெரியுமா? நிஜக் கப்பல்கூட இவ்வளவு அழகா முழுகாது. உங்க கையில முழுகினாலும் ஒரு அழகுதான்" என்றீர்கள். மாதக்கணக்கில் சிரிக்காதவள் சிரித்தாள்.

அதனால்தான் வந்தேன். ஓட்டியது அவள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூழ்கடித்தது நான். மிட்டாயின் அளவு என்னுடையது, ஈயம் அடுக்கியது நான், அந்த அழகு முழுக்க என் கைவேலை. ஆண்டு மலரில் எழுதும்போது சங்கம் அதைச் சரியாக எழுத வேண்டும்.

ஆனால் மலரை எங்கள் வீட்டுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள் சார். நான் மன்னித்துவிட்டேன் என்பது ஒன்றுதான் இப்போது அவளுக்கு இருக்கிற ஆறுதல். அதையும் பிடுங்கிக்கொள்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.